மறுமொழி: அட்சார்ப்ஷன் – பரப்புக் கவர்ச்சியா, புறத்துறிஞ்சலா, பற்றா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை மாலை நூல் அச்சுக்குப் போகிறது. குடிநீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் இயலும், நீர்நிலையங்களைக் கண்காணிக்கும் பரவல் படிமுறைகள் (நடுவில் ஆளும் மையமின்றிப் பல கணிப்பிகள் சேர்ந்து இயக்கும் அல்கோரிதங்கள்) பற்றிய இயலும் கலைச்சொற்கள் முடிவாவதற்காகக் காத்திருக்கின்றன. முதல் இயலின் சிக்கல் அட்சார்ப்ஷன்: ஒரு பொருள் மற்றொன்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது; நம் நூலில், அலுமினா என்னும் அலுமினியம் ஆக்சைடில் ஃபுளோரைடு ஒட்டுவது. இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் ஒரே மடலில் மறுமொழி எழுதுகிறேன்.

> பாடநூலில் ‘பரப்புக் கவர்ச்சி’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு? மாணவர்கள் குழம்பமாட்டார்களா?

ஆசிரியை அம்மாவின் கவலை நியாயமானது. வகுப்பறையில் நிற்பவர் அவர்தான். ஆனால் மெய்ப்பில் இப்போது இருக்கும் வரியைப் பாருங்கள்: ‘அலுமினாவின் நேர்மின்னூட்டம் ஃபுளோரைடு அயனிகள்மேல் செலுத்தும் கவர்ச்சியால் பரப்புக் கவர்ச்சி நிகழ்கிறது.’ முதல் கவர்ச்சி காரணம். இரண்டாவது அதன் விளைவு. இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? இந்த இயலில் அந்த வேறுபாடுதான் உயிர்நாடி. நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 5-க்கும் 6-க்கும் இடையே இருக்கும்போது அலுமினா நன்றாக வேலை செய்கிறது. பிஎச் ஏற ஏறப் பரப்பின் நேர்மின்னூட்டம் குறைந்து, ஒரு கட்டத்தில் எதிர்மின்னூட்டமாகவே மாறிவிடுகிறது. பைகார்பனேட், சிலிக்கா, பாஸ்பேட் ஆகியவையும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. ‘கவர்ச்சி குறைந்தது’ என்று நான் எழுதினால் எது குறைந்தது என்று கேட்கத்தானே செய்வார்கள்?

> ஈழத்தில் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்று இணையாக வழங்குகிறோம். ஒன்றைச் சொன்னால் மற்றது தானே விளங்கும்.

நண்பரே, உள்ளே இழுத்துக்கொள்ளும் அப்சார்ப்ஷனுக்கு அகத்துறிஞ்சல், அட்சார்ப்ஷனுக்குப் புறத்துறிஞ்சல் என்ற இந்த இணையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் இரண்டையும் பிரிக்கிறது. மாணவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். நம் அகமும் புறமும் அந்தத் தடுமாற்றத்துக்கே இடம் தருவதில்லை. இருந்தும் ஒன்று உறுத்துகிறது. உறிஞ்சுவது என்றால் உள்ளே இழுத்துக்கொள்வது. 1881-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கைசர் அட்சார்ப்ஷன் என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தபோது இலத்தீனின் உறிஞ்சும் வேரையே எடுத்துக்கொண்டார். அவர்களுடைய உருவகம் அவர்களுக்கு. அதை நாமும் சுமக்க வேண்டும் என்று விதியா?

அகம், புறம் பற்றி நீங்கள் எழுதிய நீண்ட மடலை இருமுறை படித்தேன். திணைக் கோட்பாட்டிலிருந்து துகளின் நுண்துளைக்கு நீங்கள் வந்து சேர்ந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த வழியே உங்கள் சொல்லுக்கு எதிராகவும் திரும்புகிறது. ஒரு கிராம் கிளர்வூட்டிய அலுமினாவின் பரப்பு 200 சதுர மீட்டரைத் தாண்டுவது வழக்கம். அதில் பெரும்பகுதி துகளுக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கும் நுண்துளைகளின் சுவர்களில் இருக்கிறது. ஃபுளோரைடு ஒட்டுவது அந்தச் சுவரில். அது அகமா, புறமா? வேதியியலுக்குப் புறம், கண்ணால் பார்ப்பவருக்கு அகம்.

> ‘கவவு’ என்ற அருமையான சங்கச் சொல் இருக்கிறதே!

ஐயா, தழுவுதல் என்ற பொருளைக் கொண்டு இதைச் சொன்னீர்கள். ‘கவவுக்கை ஞெகிழாமல்’ என்ற சிலம்பின் வாழ்த்தையும் எடுத்துக் காட்டினீர்கள். ஆனால் தொல்காப்பிய உரியியல் ‘கவவு அகத்திடுமே’ என்கிறது. அகத்தே இடுவதுதான் கவவு என்றால் அது அப்சார்ப்ஷனுக்கு அல்லவா போகும்? மேலும் அலுமினாவின் கை நெகிழ வேண்டும். நெகிழாவிட்டால் அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. எரிசோடாக் கரைசலை ஓடவிட்டு ஃபுளோரைடை வெளியேற்றி, பிறகு நீர்த்த அமிலத்தால் சமப்படுத்தித்தான் படுகையை மறுபடி வேலைக்குக் கொண்டுவருகிறார்கள். சொல் எதுவானாலும் விடுவதற்கும் அதே குடும்பத்திலிருந்து ஒரு சொல் கிடைக்க வேண்டும்.

அதனால்தான் ‘பற்று’ என்றேன். மேற்பரப்பில் நிகழ்வது மேற்பற்றல், பற்றிக்கொள்ளும் திண்மம் பற்றுபொருள், பற்றப்படுவது பற்றுறுபொருள், பற்றியது வெளியேறுவது (டிசார்ப்ஷன்) பற்றுவிடல். ஒரே வேரிலிருந்து நான்கும் வருகின்றன. பரப்புக் கவர்ச்சியிலிருந்து இவற்றை ஆக்கிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு தொடராக நீளும்.

> பற்று என்றால் கணக்கேட்டில் பற்று வரவு. மேலும் ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற குறளின் சொல்லை எரிசோடாவில் கழுவுவதா?

கணக்கேட்டுப் பற்று ஒரு தடையே இல்லை. கணிதத்தில் வேர் என்றால் யாரும் மரத்தைத் தேடுவதில்லை. குறளைப் பொறுத்தவரை, ‘பற்று விடற்கு’ என்ற ஈற்றில் வள்ளுவர் வைத்திருப்பது நமக்கு வேண்டிய அதே வினைதான். துறவுக்கு ஆகிவந்த சொல் வேதியியலுக்கும் ஆகிவருமானால் அது தாழ்வு என்று நான் கருதவில்லை.

இதே சொல்லை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இழையில் அதை யாரும் தொடவில்லை. ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்குகிறோம். அலுமினியம் ஹைட்ராக்சைடு திரள்கள் உண்டாகி, ஃபுளோரைடையும் கூட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. அங்கே உடன்வீழ்படிதலும் (திரள்களோடு சேர்ந்தே படிவதும்) மேற்பற்றலும் ஒன்றாக நடக்கின்றன. இவ்வளவு இது, இவ்வளவு அது என்று பிரித்துச் சொல்வது கடினம். எலும்புக் கரியில் கதையே வேறு. ஃபுளோரைடு அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் ஏறத்தாழ ஒரே அளவு, மின்னூட்டமும் ஒன்றே. அதனால் எலும்புக் கரியின் அபடைட்டில் (கால்சியம் பாஸ்பேட் கனிமத்தில்) ஹைட்ராக்சைடு வெளியேற, அது விட்ட இடத்தில் ஃபுளோரைடு அமர்ந்துவிடுகிறது. அது பரப்போடு நிற்கிறதா, படிகத்துக்குள்ளும் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் அறுதியிட முடியாது. இப்படிப்பட்ட நிலைக்காகத்தான் 1909-இல் வேதியியலாளர் மெக்பெயின் முன்னொட்டை வெட்டிவிட்டு ‘சார்ப்ஷன்’ என்று மட்டும் சொன்னார். நமக்கும் ‘மேல்’ என்பதை எடுத்துவிட்டால் ‘பற்றல்’ கிடைக்கிறது. பரப்புக் கவர்ச்சியில் பரப்பை எடுத்தால் வெறும் கவர்ச்சிதான் மிஞ்சும். புறத்துறிஞ்சலில் புறத்தை எடுத்தால் உறிஞ்சல். அது அகத்துறிஞ்சல் என்றே படிக்கப்படும்.

> அட்சார்ப்ஷன் என்றே எழுதிவிடுங்கள். களத்தில் இருப்பவருக்கு அதுதான் புரியும்.

களத்தில் இருப்பவர் அந்தச் சொல்லையும் சொல்வதில்லை, ‘மீடியா (வடிபடுகையில் உள்ள பொருள்) தீர்ந்துவிட்டது’ என்கிறார். அவருக்கு வேண்டிய செய்தி வேறு: நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடும், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை மிஞ்சிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும். அதை எந்தச் சொல்லாலும் சொல்லிவிடலாம். ஃபுளோரைடு என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வோம். அதைப் ‘புனல்’ என்ற வேரோடு இணைத்த அன்பருக்கு: இலத்தீனில் ‘ஓடு’ என்னும் வினையிலிருந்து வந்த பெயர் அது. உலோகம் உருக்கும்போது உருகலை எளிதாக ஓடச் செய்த கனிமத்தின் வழியாகத் தனிமத்துக்கு வந்து சேர்ந்தது. ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

இனி இரண்டாம் இயல். தாமே இயங்கும் பல ஏஜென்ட்கள் சேர்ந்த அமைப்புக்கு (மல்டி-ஏஜென்ட் சிஸ்டம்) ‘பன்முகவர் முறைமை’ என்று பெரும்பாலோர் சொல்கிறீர்கள். எனக்கு இங்கே தடையாக இருப்பது இலக்கணம். ஒரு நிலையத்தின் உணரியும் கணிப்பியும் சேர்ந்தது ஒரு முகவர் என்றால், அது கெட்டுப்போகும்போது ‘முகவர் பழுதடைந்தார்’ என்று எழுதவா? ‘பழுதடைந்தது’ என்றால் திணை வழு. கருவி, உணரி போல ‘முகவி’ என்று வைத்தால் அஃறிணையாகவே நடத்தலாம். முகத்தல் என்ற நீர் மொள்ளும் வினையிலிருந்து இதைப் பிறப்பித்தவருக்கு நன்றி. நம் நூலுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் முகவரிலிருந்துதான் எடுத்தேன்.

கன்சென்சஸுக்குக் ‘கருத்தொற்றுமை’ வேண்டாம். அங்கே கருத்து என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு முகவியும் தன் அளவீட்டைப் பக்கத்து முகவிகளின் அளவீட்டோடு ஒப்பிட்டு, அவற்றை நோக்கிச் சற்றே நகர்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. நடுவில் ஆளும் மையம் கிடையாது. வலை அறுபடாமல் இருந்து எடைகளும் சரியாக அமைந்தால் எல்லாம் ஒரே சராசரிக்கு வந்து சேர்கின்றன. இதற்கு ‘இணக்கம்’ போதும். சில முகவிகள் பொய்யான செய்தி அனுப்பும் சிக்கலில் மட்டும் ‘உடன்பாடு’ என்று எழுதுகிறேன். கணினியியலாளர்கள் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982-இல் எழுதிய கட்டுரையின் சிக்கல் அது. கையொப்பமில்லாத செய்திகளில் ஒரு பொய்யரைத் தாங்க நான்கு பேராவது வேண்டும். அங்கே ஒரு முடிவை ஏற்பது உண்டு, ஆகவே உடன்பாடு. அல்கோரிதத்துக்கு ‘நெறிமுறை’ என்று திருத்தியவர்கள் அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். புரோட்டோகாலும் நெறிமுறையானால் இந்த இயலில் ஒரு பக்கம்கூட நகராது. படிமுறையே இருக்கட்டும்.

நேற்று இரவு வரை வந்த மடல்களில் பரப்புக் கவர்ச்சிக்கே ஆதரவு மிகுதி. பலர் ‘ஏதோ ஒன்று வைத்து முடியுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அந்தப் பக்கமே சேர்த்துக்கொண்டேன். ஆகவே நூலில் பரப்புக் கவர்ச்சி இருக்கும். எனக்கு உடன்பாடு இல்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன். அடுத்த பதிப்பில் மறுபடி எழுப்புவேன். மின்னூட்டத்தின் செயலை மட்டும் ‘ஈர்ப்பு’ என்று மாற்றிவிட்டேன், இரண்டு கவர்ச்சி ஒரே வரியில் வராது. டிசார்ப்ஷனுக்குப் பற்றுவிடல் என்பதை யாரும் எதிர்க்காததால் அது நிற்கிறது. பரப்புக் கவர்ச்சியோடு அது ஒட்டாது என்று எனக்கும் தெரியும்.

எலும்புக் கரிப் பகுதியில் சார்ப்ஷன் வரும் இடங்களை இன்னும் வெற்றாக விட்டிருக்கிறேன். ‘பற்றல்’ வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லை வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள். வராவிட்டால் பற்றல் என்று நிரப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
தொகுப்பாளர்