கலைச்சொல் தேவை: மேலே தூக்கித் திறக்கும் சன்னல்

நண்பர்களே, வணக்கம்.
லண்டன் கிரேவன் தெருவில் 36ஆம் எண் வீட்டைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1730 வாக்கில் கட்டிய செங்கல் வீடு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1757க்கும் 1775க்கும் இடையே பெரும்பாலும் இங்கேதான் குடியிருந்தார். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘சாஷ்’ சன்னலில் வந்து நிற்கிறேன். கதவுபோலத் திறக்காது. மேலே தள்ளினால் ஏறும், விட்ட இடத்தில் நிற்கும். ‘மேல்கீழாக நகரும் சன்னல்’ என்றால் படக்குறிப்பில் அடங்கவில்லை.

———
அம்மா, சன்னலே போர்த்துகீசிய ‘ஜனேலா’தான். நம்மிடம் காலதர் இருக்கிறதே! ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறது சிலம்பு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எவ்வளவு பொருத்தம்! பலகணியும் உண்டு, ஆனால் இதற்கு ‘ஏறுகாலதர்’ என்றே வையுங்கள்.

———
ஐயா, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது யன்னல். போர்த்துக்கேயர் 1658இல் போய்விட்டார்கள், யன்னல் போகவில்லை. இனி அதை ஏன் விரட்ட வேண்டும்? அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இரு பக்கமும் மரப்பெட்டி, உள்ளே கயிற்றில் இரும்புக் குண்டு. கண்ணாடிச் சட்டம் ஏற ஏறக் குண்டு இறங்கும். எங்கள் கிணற்றுத் துலாவும் பாரத்துக்குப் பாரம்தானே? ‘துலா யன்னல்’ என்று வைத்தால் என்ன?

———
துலா நெம்புகோல் ஐயா. இங்கே கயிறு கப்பிமேல் ஓடுகிறது. வகுப்பில் பிள்ளைகள் உடனே கேட்பார்கள். என் ஓட்டு ‘தூக்குச் சன்னல்’. தூக்குதல் என்றால் உயர்த்துவதும் நிறுப்பதும், தூக்குக்கோல் நினைவிருக்கும். இதில் இரண்டும் நடக்கிறது.

அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒன்று. 1666 பெருந்தீக்குப் பிறகு வெளியே தெரியும் மரம் என்றாலே லண்டனில் பயம். 1709 சட்டம் சன்னல் சட்டகத்தைச் செங்கல் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 சட்டம் பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்க வைத்தது. அதனால்தான் பிந்திய வீடுகளில் வெளியே மெல்லிய மரவிளிம்பு மட்டும் தெரிகிறது. அம்மா எழுதும் வீடு முதல் சட்டத்துக்கு அப்புறம், இரண்டாவதற்கு முன்.

———
தூக்கு என்றதும் தூக்குமேடைதான் கண்முன் வருகிறது. காலதரில் அந்தச் சங்கடம் கிடையாது.

———
ஐயா, பள்ளிக்கூடத்துக்கு நான் சோறு கொண்டுபோனது தூக்குவாளியில். பிடி தேய்ந்து, மூடியில் பேர் வெட்டியிருக்கும். எனக்கு அந்தச் சொல் அப்படித்தான் கேட்கிறது. காலதரை என் வாசகர் யாரும் அகராதி இல்லாமல் படிக்க மாட்டார்கள். மூன்று பேர் சரி என்று எழுதிவிட்டார்கள், ‘தூக்குச் சன்னல்’ என்றே அனுப்புகிறேன்.

———
அனுப்புங்கள் அம்மா. நான் ஒப்பவில்லை என்பதும் இந்த இழையில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.