மறு: ‘ஸ்லிக் ரயர்’: வழுக்கா, மொட்டையா, வெறுந்தடமா?

> ஸ்லிக் என்றால் வழுக்குவதுதானே. ‘வழுக்கு ரயர்’ என்று போட்டால் வேலை முடிந்தது.

அண்ணன், வெட்டும் பல்லும் இல்லாமல் மழமழவென்று வருகிற சைக்கிள் ரயருக்கு எங்கள் குழுவின் அகராதியில் அப்படிப் பேர் போட்டால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். வழுக்கும் என்று பேரிலேயே எழுதி வைத்த ரயரை மாரி மழைக்குள் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் யார் ஓட்டுவது? அதை விட்டாலும், அந்தச் சொல் பொய் சொல்கிறது. தார் ரோட்டில் இது பல்லு வைத்த ரயரைவிட நன்றாகப் பிடிக்கும். ஆங்கிலக்காரன் பேர் வைத்தது பரப்பின் மழமழப்பைப் பார்த்து. நாங்கள் அந்தச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்துத் தொங்குகிறோம்.

> அப்ப ‘மொட்டை ரயர்’? சனம் ஏற்கெனவே சொல்லுற சொல்.

சொல்லுகிறதுதான், ஆனால் வேறு சாமானை. போன வருசம் என் மலைச் சைக்கிளுக்கு 26 × 1.5 அளவில் ஸ்லிக் இரண்டு எடுத்து, காத்தான்குடியில் சைக்கிள் திருத்துகிற காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவரிடம் பூட்டக் கொடுத்தேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார், பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, இது தேஞ்ச ரயர்தானே? காசு குடுத்தா வாங்கின நீங்க?” அச்சில் வார்க்கும்போது வருகிற இறப்பர் மயிர் ரயரின் கன்னத்தில் இன்னும் குத்திட்டு நின்றது. அதைக் காட்டிய பிறகுதான் புதிது என்று நம்பினார். மொட்டை என்றால் எங்களுக்கு நூல் தெரிகிற ரயர், பொலிஸ் மறிக்கிற ரயர். தேய்ந்ததற்கும் தேயாததற்கும் ஒரே பேர் வைத்தால் கலைச்சொல் எதற்கு?

‘இழைத்த ரயர்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தச்சன் பலகை இழைக்கிற நினைவில் வந்த நல்ல சொல். ஆனால் ரயருக்குள்ளேயே நூலிழை இருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று அதன் தரத்தைச் சொல்கிறார்கள். இரண்டும் சிக்கிக்கொள்ளும்.

நான் கேட்பது ‘வெறுந்தடம்’. வெறுங்கால், வெறுங்கை, வெறுந்தரை என்று எங்களிடம் உள்ள வரிசையிலேயே அது போய் நிற்கும். களப்பில் ஈரத் தோணியின் விளிம்பில் வெறுங்காலோடு நின்று வீச்சுவலை எறிகிறவரைப் பார்க்காதவர் இந்தக் குழுவில் இருக்க மாட்டார். அவருக்கே பந்தடிக்கிற குமிழ் வைத்த பூட்ஸைப் போட்டுவிட்டு, நனைந்த சீமெந்துத் தரையில் ஓடச் சொல்லிப் பாருங்கள்.

பல்லு ரயரில் நடப்பதும் அதுதான். தாரைத் தொடுவது பல்லின் நுனி மட்டும். வளைவில் பல்லு சாய்ந்து நெளிகிறது. நெளிகிற ஒவ்வொரு தரமும் நாம் மிதித்த சக்தியில் கொஞ்சம் சூடாய்ப் போகிறது. வெறுந்தடத்தில் இறப்பர் முழுதாகத் தாரின் சின்ன மேடு பள்ளங்களுக்குள் அமர்ந்துவிடும். பிடிப்புக்கு வேண்டிய கரடு ரோட்டிலேயே கிடக்கிறது. என் சைக்கிளில் நான் முதலில் கவனித்தது வேகத்தை அல்ல, ஆரையம்பதி வரைக்கும் கூடவே வந்துகொண்டிருந்த அந்த ‘ர்ர்ர்’ இரைச்சல் இல்லாமல் போனதைத்தான்.

> மழையில் தண்ணி வெளியேற வெட்டு வேண்டாமா? கார் ரயருக்கு இருக்கே.

கார் ரயர் அகலமானது, தட்டையானது, ஓடுகிற வேகமும் வேறு. சைக்கிள் ரயர் ஒடுங்கியது, உருண்டது. தண்ணீரைத் தானே ஓரத்துக்குத் தள்ளிவிடும். விமானச் சில்லு எந்த வேகத்தில் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு நாசா ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் (பவுண்ட்) காற்றமுக்கமோ, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல்மைல் என்று வரும். 40 இறாத்தல் காற்றுக்கு ஏறத்தாழ 57 கடல்மைல், அதாவது 105 கிலோமீற்றர். நான் காத்தான்குடிப் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தால் 20இல் போகிறவன், அதுவும் முச்சக்கர வண்டிக்காரர் வழி விட்டால்.

(அமுக்கம் என்று எழுதினேன், தமிழகத்து நண்பர்கள் அழுத்தம் என்று வாசிக்கவும். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அப்படியிருந்தும் இந்த ஒரு சொல் இன்னும் இரு கரையிலும் இரண்டாகத்தான் ஓடுகிறது.)

குறையையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த வெள்ளைக்கோட்டில் இது வழுக்கும், பல்லு ரயரும் வழுக்கும். ஆனால் மழைக்குப் பிறகு களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில் களிமண் பாதைக்குள் இறங்கினால் பல்லுத்தான் வேண்டும். நான் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி வந்தவன்.

‘தடம் என்றால் பாதை அல்லவா’ என்று கேட்பார்கள். மண்ணில் ரயர் பதித்துவிட்டுப் போகிற அடையாளமும் தடம்தான். பதிக்கிற பரப்புக்கும் அதே பேரைக் கொடுத்தால், பல்லுத்தடம், தேய்தடம், வெறுந்தடம் என்று ஒரு குடும்பமே கிடைக்கும்.

அகராதிப் பதிவில் அளவைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். 26 × 1.5 என்பதும் 26 × 1 3/8 என்பதும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், இரண்டும் ‘இருபத்தாறு’தான். முதலாவது 559 மில்லிமீற்றர் றிம்முக்கு, மற்றது 590க்கு. மாறி வாங்கினால் எந்தச் சொல்லாலும் பூட்ட முடியாது.

நேற்று காக்காவிடம் ‘வெறுந்தடம்’ என்று சொல்லிப் பார்த்தேன். “வெறுங்கால் மாதிரியா?” என்று உடனே கேட்டார். பிறகு, “கடையில போய் ரோட் ரயர் எண்டு கேளுங்க, அப்பதான் தருவான்” என்றார்.

நடுவில் வெறுமையாகவும் இரண்டு ஓரத்திலும் பல்லாகவும் வருகிறதே, அதற்குத்தான் எனக்குச் சொல் இல்லை. ‘அரை வெறுந்தடம்’ என்றால் பாதி தேய்ந்தது போல் கேட்கிறது. ‘ஓரப்பல் தடம்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன், வாயில் ஒட்டவில்லை. யாரிடமாவது நல்லது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.