மறு: கொஷரிக்குத் தமிழ்ச்சொல்

> "பருப்புக் கலவைச்சோறு" என்று வைக்கலாமே?

வணக்கம் ஐயா. இதை ஏற்க எனக்குத் தயக்கம். எகிப்திய உணவான கொஷரியை விற்கும் கெய்ரோக் கடைகளில் எதையும் முன்கூட்டிக் கலந்து வைப்பதில்லை. சேமியா சேர்த்த சோறு, மசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் தனித்தனி அண்டாக்களில் இருக்கும். கேட்டதும் கரண்டி கரண்டியாக அள்ளி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தக்காளிச் சாறு ஊற்றி, கருகக் கருகப் பொரித்த வெங்காயத்தைத் தூவிக் கொடுப்பார்கள். கலந்துகொள்வது சாப்பிடுகிறவர் பாடு. கலவைச்சோறு என்றால் நமக்குப் புளியோதரைதான் நினைவுக்கு வரும்.

> கிச்சடியிலிருந்து வந்ததுதானே? "எகிப்தியக் கிச்சடி" போதும்.

மூலம் அதுதான். ஆனால் சென்னையில் கிச்சடி என்றால் ரவை. நாகர்கோவில் பந்தியில் தயிர் விட்ட வெள்ளரிக்காய். மூன்றாவது பொருளையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

பிரிட்டிஷ் படையோடு வந்த உணவு என்று இங்கே எழுதியிருந்ததையும் திருத்த வேண்டும். ஆங்கிலேயர் எகிப்தைப் பிடித்தது 1882-ல். 1853-ல் சூயஸ் வழியாகப் போன ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன், அரிசியும் பருப்பும் சேர்ந்த இந்த உணவு அங்கும் மேற்கு அரேபியாவின் ஹிஜாஸிலும் சகஜம் என்றும், பெயர் இந்தியக் கிச்சடியின் திரிபு என்றும் குறித்துவிட்டார். செங்கடல் வணிகரும் ஹஜ் பயணிகளும் கொண்டுவந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். மக்ரோனி பிற்பாடு இத்தாலியர் வழியாகச் சேர்ந்தது என்பார்கள்.

இது இவ்வளவு பரவியதற்குக் காரணம் விலையும் வயிறு நிறைவதும். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் நோன்பு நாளிலும் சாப்பிடலாம்.

ஆகவே உணவின் பெயர் கொஷரி என்றே இருக்கட்டும். சொல்லாக்கம் வேண்டியது அதன் உறுப்புகளுக்கு. பூண்டை நசுக்கி, வினிகரும் சீரகமும் சேர்த்துக் கடைசியில் ஊற்றுவதற்கு "பூண்டுக்காடி" என்பது என் பரிந்துரை. காடி நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல். புளிப்பும் அதிலேயே வந்துவிடுகிறது. தோல் நீக்காத மசூரை எகிப்தியர் "ஜுப்பா போட்ட பருப்பு" என்கிறார்கள். நம் ஜிப்பாவும் அதே அரபுச் சொல்தான்! அதையே வைக்க ஆசையாக இருந்தாலும், தோல் உளுந்து என்று சொல்லிப் பழகிய நமக்குத் "தோல் மசூர்" பட்டென்று புரியும்.

ஷத்தா என்கிற காரக் குழம்புக்குத்தான் சொல் சிக்கவில்லை. "மிளகாய்ச் சாறு" என்றால் அதன் எண்ணெய்ப் பதமும் உறைப்பும் வரவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.