பிள்ளைகள் ஒளிக்கிற வருத்தம்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அனுபவங்கள்

வெள்ளவத்தை அம்மா:

என் மகனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொன்னபோது அவனுக்குப் பத்து வயது. பெருங்குடலின் உட்சுவர் அழன்று, புண்ணாகி, இரத்தம் கசிகிற வருத்தம் இது. அதற்கு முன்பு வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உடம்புச் சூடு, பூச்சி, மூலம், கன்டீனில் சாப்பிட்ட வடை. சீதபேதி என்று நினைத்து அன்டிபயோட்டிக்கும் கொடுத்தார்கள். கிருமியால் வருகிற சீதபேதி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். இவனுக்கு அடங்கவில்லை. மெலிந்து, முகம் வெளிறி, கிரிக்கெட் விளையாடுவதையே விட்டுவிட்டான்.

பிறகு குழந்தைகளின் குடல் நோய்களைப் பார்க்கும் டொக்டரிடம் போனோம். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை, அவனைத்தான் கேட்டார். வயிறு வலிக்கிறதா, இரத்தம் எவ்வளவு போகிறது, மலம் தண்ணியாக இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தரம், இரவில் அதற்காக எழும்புகிறீர்களா, விளையாட முடிகிறதா என்று ஆறு கேள்விகள். விடைகளுக்குப் புள்ளி போட்டு, மொத்தம் 85க்குக் கணக்குப் பார்ப்பார்களாம். 10க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது. 65 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை, வார்டில் வைத்துத்தான் பார்ப்பார்கள். கிருமி இல்லை என்று உறுதிசெய்ய மலப் பரிசோதனை, குடல் அழற்சியைக் காட்டும் கல்ப்ரொடெக்டின் பரிசோதனை, கடைசியில் மயக்க மருந்து கொடுத்துக் கொலனொஸ்கொபி (கமரா வைத்த குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்து சதைத்துண்டு எடுத்தல் எல்லாம் நடந்தன. ஆனால் அந்த ஆறு கேள்விகளுக்கும் விடை பிள்ளையிடம் மட்டும்தான் இருக்கிறது. இரவில் எழும்புவதை அவன் அன்றுதான் வாய் திறந்து சொன்னான்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இது சொல்லக்கூடிய விஷயமா? வகுப்பில் கை தூக்கினால் "இன்டர்வல் வரட்டும்" என்பார்களாம். இந்த வருத்தத்தில் அவசரம் வந்தால் அடக்கவே முடியாது. அதனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருக்கிறான். டொக்டரின் கடிதத்தைக் கொண்டுபோய் அதிபரிடம் பேசினேன். இப்போது கேட்காமலே எழுந்து போகலாம், பையில் ஒரு மாற்று உடுப்பும் இருக்கிறது. மாத்திரைக்குச் சமமான மருந்து அது என்றுதான் சொல்வேன்.

அப்புறம் சாப்பாடு. மிளகாய் கொடுத்ததால் வந்தது என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டால் வந்த வருத்தம் இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. வருத்தம் கூடின நாட்களில் குழைந்த சோறு, இடியப்பம், மீன் என்று இலேசாகக் கொடுக்கிறேன். மற்ற நாட்களில் எங்களோடு இருந்து எல்லாம் சாப்பிடுகிறான். வளருகிற பிள்ளையிடமிருந்து பால், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பறிக்கச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கொட்டாஞ்சேனை அப்பா:

அக்கா, என் மகளுக்குப் பதினாலு வயது. ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையில் முகம் ஊதினதும் கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டாள், மாத்திரையையும் இரகசியமாகக் குறைத்தாள். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். நாளத்தில் ஸ்டீரொயிட் ஏற்றுகிற அளவுக்குப் போனது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் பார்த்து, சரிவராவிட்டால் அதைவிட அடுத்த கட்ட மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுப்போம் என்றார்கள். கடவுளே என்று அதற்கு முன் தெளிந்துவிட்டாள். இப்போது தினமும் குடல் அழற்சியை அடக்கிவைக்கும் மெசலசின். நன்றாக இருக்கிற நாளிலும் போட வேண்டிய மாத்திரை அது. நான் ஏசுவதில்லை, விட்டுவிட்டால் வந்து சொல்லு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சொல்கிறாள். இன்னொன்று, மாதவிடாய் வலிக்கு இபுப்ரொஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள், குடலைக் கிளப்பிவிடலாம். எங்களுக்குப் பரசிட்டமோல்தான் சொன்னார்கள்.

பம்பலப்பிட்டி தங்கை:

எனக்கு வந்தது பன்னிரண்டு வயதில், இப்போது வேலைக்குப் போகிறேன். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுமுன் காலி வீதியில் எங்கே இறங்கினால் டொய்லட் இருக்கும் என்று மனதில் கணக்குப் போட்ட காலம் உண்டு. அம்மா கேட்கும்போது "ஒன்றுமில்லை" என்பேன். அப்பாதான் ஒரு சின்னக் கொப்பி வாங்கித் தந்தார், பேசப் பிடிக்காவிட்டால் எழுதி வை என்று. கிளினிக்கில் டொக்டர் அதைத்தான் முதலில் பார்ப்பார். வருத்தம் தொடங்கி எட்டு, பத்து வருடங்கள் ஆன பிறகு புற்றுநோய் மாற்றம் இருக்கிறதா என்று கொலனொஸ்கொபி செய்து பார்க்க வேண்டும் என்பதால் இன்னும் கவனமாக நடக்கிறேன்.

வெள்ளவத்தை அக்கா, உங்கள் மகனுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோப்ரின் மருந்து தொடங்குவதாக இருந்தால் அதற்கு முன்பே தடுப்பூசி அட்டையை டொக்டரிடம் காட்டுங்கள். கொப்புளிப்பான் வந்திருக்கிறதா என்றும் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகளைப் போட மாட்டார்கள்.