ஹ்ருஷின்ஸ்கியிடமிருந்து மேடையைப் பறித்தார்களா?

மேடைக்காரன்: செக் நடிகர் ஹ்ருஷின்ஸ்கியைப் பற்றி நேற்று திரைச்சீலை இங்கே போட்ட பதிவில் ஒரு வரி: "பிராக் வசந்தம் (1968ல் செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த சீர்திருத்த முயற்சி) நசுக்கப்பட்ட பிறகு ருடால்ஃப் ஹ்ருஷின்ஸ்கியிடமிருந்து திரையையும் மேடையையும் பறித்துக்கொண்டார்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. திரை, சரி. மேடை எப்படி? 1960ல் பிராக் தேசிய நாடக அரங்கில் சேர்ந்தவர் எழுபதுகளிலும் அங்கேதான் நடித்துக்கொண்டிருந்தார். நல்ல நடிகரைப் பாராட்ட இல்லாத கதை எதற்கு? அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

திரைச்சீலை: முழுப் பதிவையும் படித்துவிட்டு ஐயாவுக்கு அந்த ஒரு சொல்தான் கண்ணில் பட்டதா? சீர்திருத்தம் தொடர வேண்டும் என்று 1968 ஜூனில் எழுத்தாளர் வாத்சுலிக் எழுதிய 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். ஆகஸ்டில் அதை நசுக்க சோவியத் டாங்கிகள் வந்தன. கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. அதற்காகச் சில ஆண்டுகள் சினிமாவும் தொலைக்காட்சியும் அவருக்குக் கிடையாது. 1956ல் 'நல்ல வீரன் ஷ்வெய்க்' வந்ததிலிருந்து நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த முகம் அது. அதை மூடி வைப்பதற்கு வேறு என்ன பெயர்?

மேடைக்காரன்: நான் சினிமாவைக் கேட்கவில்லை. மேடையைப் பறித்தார்களா, இல்லையா?

நெய்தல்: நீங்கள் இருவரும் மேடை மேடை என்று மல்லுக்கட்டுவதில் அந்த மனிதரின் நடிப்பைப் பற்றி யாருமே பேசவில்லை. 1969ல் யுராய் ஹெர்ஸ் எடுத்த 'பிணம் எரிப்பவன்' பார்த்தீர்களா? அதில் எரியூட்டும் நிலைய ஊழியர் கோப்ஃப்ர்கிங்கலாக வருகிறார். சவப்பெட்டியில் கிடக்கிற பிணத்துக்குச் சீப்பெடுத்துத் தலைவாரிவிடுகிறார். அடுத்த நொடி அதே சீப்பால் தன் தலையை வாரிக்கொள்கிறார். அருவருப்பு இல்லை, அவசரம் இல்லை. வீட்டில் மனைவியைக் கொஞ்சுகிற அதே பஞ்சு போன்ற குரலில்தான் சாவைப் பற்றியும் பேசுகிறார். அன்று இரவு என் சீப்பை எடுக்கவே கை வரவில்லை.

மேடைக்காரன்: சீப்பைப் பற்றி எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா அம்மா? ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட குடும்பத்தில் 1920ல் பிறந்தவர். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசுவது கேமராவுக்கு முன்னால் கற்கிற வித்தை இல்லை. பதினெட்டு வருஷம் மேடையில் நின்றவன் சொல்கிறேன். அதனால்தான் அந்த மேடையைப் பறித்தார்கள் என்று எழுதும்போது கோபம் வருகிறது.

நெய்தல்: போன வருஷம் செக் இயக்குநர் மென்ஸல் படங்களைப் பற்றி நான் எழுதியபோதும் இதே பதினெட்டு வருஷத்தைச் சொல்லித்தான் வாயை அடைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

தறி: அண்ணா, பெயரை 'ஹ்ருஷீன்ஸ்கீ' என்று நெடிலோடு எழுத வேண்டாமா? செக் எழுத்தில் இரண்டு இடத்திலும் நெடில் குறி இருக்கிறதே.

மேடைக்காரன்: தம்பி சொல்வது சரிதான். ஆனால் அழுத்தம் முதல் அசையில் விழும். தமிழில் நெடில் போட்டால் படிப்பவர்கள் அங்கே போய் அழுத்துவார்கள்.

தறி: அதற்காகத் தப்பாகவே எழுதுவதா?

கருவேலன்: இவ்வளவு பேசுகிறீர்களே, ப்ரோட்ஸ்கியை ஏன் யாரும் சொல்லவில்லை? 'பொய்யன் யாகோப்' படத்துக்காக 1975ல் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியவர் விளாஸ்டிமில் ப்ரோட்ஸ்கி. என்னைக் கேட்டால் அவர்தான் பெரிய நடிகர்.

திரைச்சீலை: 1968ல் வந்த 'சலன கோடை'யில் இருவரும் சேர்ந்தே நடித்திருக்கிறார்கள். ஆற்றங்கரைக் குளியல் கூடத்துக்காரராக ஹ்ருஷின்ஸ்கி, ஓய்வுபெற்ற மேஜராக ப்ரோட்ஸ்கி. யார் பெரியவர் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக்காரனுக்கு ஒரு கேள்வி. ஹ்ருஷின்ஸ்கி நடித்த 'கம்பியில் வானம்பாடிகள்' 1969ல் எடுத்து முடித்த படம். மக்கள் கண்ணில் பட்டது 1990ல். 'பிணம் எரிப்பவன்' படத்தையும் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுப் பூட்டினார்கள். தடுப்பதற்கு முன்பே நடித்து முடித்த வேலையைக்கூட விட்டுவைக்கவில்லை. இரவில் சில நூறு பேர் பார்க்கிற அரங்கில் நிற்க விட்டார்கள் என்பதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களா?

மேடைக்காரன்: நன்றி சொல்லச் சொன்னேனா? மறுபடியும் சினிமாவுக்கே ஓடுகிறீர்கள். மேடையைப் பறித்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். அதே 'பிணம் எரிப்பவன்' படத்தில் அவருக்கு மனைவியாக நடித்தவர் விளாஸ்தா ஹ்ராமோஸ்தோவா. மனித உரிமை கேட்டு அரசை எதிர்த்த சாசனம் 77ல் கையெழுத்திட்டவர். அவருக்கு எந்த அரங்கமும் இல்லை. தன் வீட்டு வரவேற்பறையில் நாற்காலி போட்டு 'மக்பெத்' நடித்தார். கூட நடித்த லாண்டோவ்ஸ்கி நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அந்த அம்மா மறுபடியும் ஒரு பெரிய மேடையில் ஏற ஆட்சி மாற வேண்டியிருந்தது. ஹ்ருஷின்ஸ்கிக்கும் மேடையைப் பறித்தார்கள் என்று நீங்கள் எழுதினால், வரவேற்பறையில் நடித்தவருக்கு எழுத என்ன சொல் மிச்சம் இருக்கும்?

நெய்தல்: அந்த அம்மாவைப் பற்றித் தனியாக எழுதுங்கள். முதல் ஆளாக வந்து படிப்பேன். ஒருவர் பட்டதைக் காட்டி இன்னொருவர் பட்டதைச் சிறிதாக்காதீர்கள்.

கருவேலன்: 1988ல் அதே அரசு ஹ்ருஷின்ஸ்கிக்குத் தேசியக் கலைஞர் பட்டம் கொடுத்தது. அதையும் பதிவில் காணோம்.

திரைச்சீலை: 1990ல், கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து எழுந்த குடிமக்கள் மன்றத்தின் சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனார். அதைக் கருவேலன் சொல்லக் காணோம். பட்டத்துக்கு விலைபோன மனிதரையா மக்கள் அனுப்பிவைத்தார்கள்?

கருவேலன்: விலைபோனார் என்று நான் எங்கே சொன்னேன்? என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

தறி: நான் முதலில் பார்த்தது 1985ல் வந்த மென்ஸலின் கிராமத்துப் படம். அதில் டாக்டராக வருவார். வயல் அழகைப் பார்த்துக் கவிதை சொல்லிக்கொண்டே காரை எங்காவது கொண்டுபோய் மோதுவார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் 'பிணம் எரிப்பவன்' பார்த்தேன். அதே கன்னம், அதே கண். இரண்டும் ஒரே ஆள் என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேடைக்காரன்: அது மேடை கொடுத்தது தம்பி. 1978ல் 'அடேலா இன்னும் இரவுணவு உண்ணவில்லை' படத்தில் தடைக்குப் பிறகு போலீஸ் அதிகாரியாகத் திரையில் வந்தபோது துளிகூடத் துருப்பிடிக்காமல் வந்தாரே, எதனால்? நடுவில் மேடை கையில் இருந்ததால். திரைச்சீலை எழுதிய வரி உண்மையாக இருந்தால் அந்த வருகையே நடந்திருக்காது.

திரைச்சீலை: ஒரு கலைஞனின் பாதி வாழ்க்கையைப் பூட்டினால் முழு வாழ்க்கையையும் பூட்டியதாகத்தான் நான் எழுதுவேன். சொல்லை மாற்ற மாட்டேன்.

மேடைக்காரன்: பாதி என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். பதிவில் ஏன் முழுசாக எழுதினீர்கள்?

நெய்தல்: ஆரம்பித்துவிட்டார்.

மேடைக்காரன்: காலையில் எழுந்ததும் பார்த்தேன். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. மறுபடியும் கேட்கிறேன் திரைச்சீலை, மேடையைப் பறித்தார்களா, இல்லையா?