இடுப்பில் துப்பாக்கி இருந்தால் அதுவே சந்தேகமா? அமெரிக்கப் போலீஸ் விசாரணை குறித்து ஒரு விவாதம்

நெய்தல்:
2010ல் ஒஹாயோ மாநிலம் டோலிடோவில் ஒருவர் மனைவி, மகள், பேரனுடன் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போகிறார். இடுப்பு உறையில் வெளியே தெரியும்படி கைத்துப்பாக்கி. அந்த மாநிலத்தில் இது சட்டப்படி சரி. பைக்கில் போன ஒருவர் பார்த்துவிட்டு 911 அவசர எண்ணுக்குப் போன் போடுகிறார். வந்த போலீஸ்காரர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, விலங்கு மாட்டி, ரோந்துக் காரில் உட்கார வைத்து, சொந்த விவரத்தைச் சொல்லவில்லை என்று நோட்டீஸும் கொடுத்தார். வழக்கு 2015ல், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. சட்டம் அனுமதித்த ஒன்றைச் செய்பவரைத் தடுத்து வைக்கப் போலீஸுக்கு அதிகாரமில்லை, அந்த அதிகாரிக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது என்று தீர்ப்பு.

என் வாதம் இதுதான்: துப்பாக்கி ஏந்துவது உரிமையான பிறகு அதையே குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடை பிடித்துப் போகிறவரை எதற்குக் குடை என்று மடக்கி நிறுத்துவோமா?

மலைமுகடு:
குடையால் யாரும் சுடுவதில்லை, நெய்தல். தீர்ப்பை நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் கொஞ்சம் அதிகம்.

போலீஸ் ஒருவரை அணுகுவதில் மூன்று படி இருக்கிறது. முதல் படி, சும்மா வந்து பேசுவது. இதற்கு எந்தக் காரணமும் வேண்டாம். நீங்களும் பதில் சொல்லாமல் நடையைக் கட்டலாம். இரண்டாவது, தடுத்து நிறுத்துவது. 1968ல் டெர்ரி வழக்கில் வந்த விதி இது: குற்றம் நடக்கிறது என்று எடுத்துச் சொல்லக்கூடிய நியாயமான சந்தேகம் வேண்டும். உடையின் மேலாகத் தடவிச் சோதிக்க, ஆயுதமும் ஆபத்தும் உண்டு என்ற சந்தேகம் தனியாக வேண்டும். மூன்றாவது கைது, அதற்கு இன்னும் வலுவான ஆதாரம் வேண்டும். டோலிடோ அதிகாரி முதல் படியில் நின்று, "உங்களுடன் பேசலாமா?" என்று கேட்டிருந்தால் வழக்கே கிடையாது. நேராக விலங்குக்குப் போனதுதான் தவறு. 911 அழைப்பு வந்த பிறகு, போய்ப் பார்க்காமல் இருக்கச் சொல்கிறீர்களா?

நெய்தல்:
போய்ப் பார்க்கட்டும். ஆனால் சீருடையில் இரண்டு பேர் இரண்டு பக்கமும் வந்து நிற்கும்போது, இது முதல் படி, நடையைக் கட்டலாம் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கோட்டை அறிந்துகொள்ள ஒரே வழி, "நான் போகலாமா?" என்று வாய்விட்டுக் கேட்பது. போகலாம் என்றால் போக வேண்டும். இல்லை என்றால் தடுத்து நிறுத்தியாகிவிட்டது. இனி காரணம் காட்டும் பொறுப்பு அவர்களுடையது.

இன்னொன்று. 2000ல் ஃப்ளோரிடா எதிர் ஜே.எல். வழக்கு. மயாமி பஸ் நிறுத்தத்தில் கட்டம்போட்ட சட்டைப் பையனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பெயர் சொல்லாத ஒருவர் போன் செய்தார். போலீஸ் சோதித்தது, துப்பாக்கியும் கிடைத்தது. அப்படியும் அந்தச் சோதனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. துப்பாக்கி என்ற சொல்லுக்காக விதியில் தனிச் சலுகை கொடுக்க மறுத்துவிட்டது.

மலைமுகடு:
ஜே.எல். வழக்கில் அந்த மொட்டைப் போனைத் தவிர வேறெதுவும் இல்லை. வேறு காரணத்துக்காக ஏற்கெனவே முறைப்படி நிறுத்தப்பட்டவர் விஷயமே வேறு. 2017ன் ராபின்சன் தீர்ப்பைப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவில் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் துப்பாக்கியில் தோட்டா ஏற்றிப் பையில் போட்டார் என்று தகவல். சில நிமிடத்தில் சீட் பெல்ட் போடாததற்காகக் கார் நிறுத்தப்படுகிறது, பயணியைச் சோதிக்கிறார்கள். முறைப்படி நிறுத்தப்பட்டவரிடம் ஆயுதம் இருப்பதாக நியாயமாக நம்பினால் அதுவே ஆபத்துதான், லைசென்ஸ் இருக்கிறதா என்பது பொருட்டில்லை என்றது நான்காவது வட்ட நீதிமன்றம். உரிமை விரிய விரிய, எதிரே நிற்கும் அதிகாரி கையாள வேண்டிய ஆபத்தும் விரிகிறது. அதற்கு ஈடாக அவருக்கு இந்த அளவு அதிகாரமாவது வேண்டாமா?

நெய்தல்:
அதே நான்காவது வட்ட நீதிமன்றம் 2013ல் பிளாக் வழக்கில், வெளிப்படையாக ஏந்துவது சட்டப்படி சரியான மாநிலத்தில் அதையே காரணம் காட்டி ஆளைத் தடுத்து வைக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடைமுறையில் என்ன வருகிறது? நடந்து போகிறவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. கார் ஓட்டுகிறவருக்கு இல்லை. ஏனென்றால் காரை நிறுத்த ஒரு காரணம் எப்போதும் கிடைக்கும்: பிரேக் விளக்கு, சீட் பெல்ட், கோடு தாண்டியது. உரிமை இருக்கிறது, ஆனால் பிரேக் விளக்கு எரியும் வரைதான் என்றால் அதை எப்படி ஏற்பது?

மலைமுகடு:
ஏற்கத்தான் வேண்டியிருக்கிறது. மக்கள் மனம் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். போலீஸுக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் தவிர யாருக்கும் கைத்துப்பாக்கி கூடாது என்று 1959ல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 60 சதவீதம் பேர் சொன்னார்கள். 2021ல் அது 19. உங்கள் பக்கத்துக்கு இது சாதகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்பனைச் சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்பவர்கள் 2024லும் 56 சதவீதம். துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் முக்கியக் காரணம் கேட்டால், 1999ல் அதிகம் பேர் வேட்டை என்றார்கள். 2013ல் 48 சதவீதம் பேர் தற்காப்பு என்றார்கள். வேட்டைத் துப்பாக்கி அலமாரியில் இருக்கும். தற்காப்புத் துப்பாக்கி இடுப்பில் இருக்கும், அதுவும் தோட்டாவோடு. தெருவில் போலீஸ் சந்திப்பது இரண்டாவதைத்தான். இன்று ஏறக்குறைய 29 மாநிலங்களில் அதை ஏந்த லைசென்ஸே தேவையில்லை.

நெய்தல்:
மனம் மாறுவது யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்தும்தான். 1967 வரை கலிபோர்னியாவில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தலாம். ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின உரிமை அமைப்பினர் அப்படி ஏந்தி, போலீஸ் கறுப்பினத்தவரை எப்படி நடத்துகிறது என்று ரோந்து போய்ப் பார்த்தார்கள். அதே ஆண்டு அதைத் தடைசெய்யும் மல்ஃபோர்டு சட்டம் வந்தது, ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். பொதுப் பாதுகாப்பு என்றால் எந்தப் பொது என்று கேட்க எனக்கு இந்த ஒன்று போதும்.

வழித்துணை:
இருவரும் நீதிமன்றத்திலேயே நிற்கிறீர்கள். சாலையோரத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

2016 ஜூலை 6, மினசோட்டா. போலீஸ் ஒரு காரை நிறுத்துகிறது. அதை ஓட்டி வந்த ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரிடம் துப்பாக்கி ஏந்தும் அனுமதி இருந்தது. கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். அவர் கேட்காமலே, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் அதிகாரி ஏழு குண்டுகள் சுட்டார், காஸ்டில் இறந்தார். அதிகாரி 2017ல் விடுவிக்கப்பட்டார்.

காஸ்டில் தவறு செய்தார் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நொடிகளில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: கை எதையோ எடுக்கப் போகும்போது துப்பாக்கி என்ற சொல் காதில் விழுகிறது. அதனால் லைசென்ஸும் காரின் பதிவுச் சீட்டும் துப்பாக்கி இருக்கும் பக்கமே இருக்கக் கூடாது. டாஷ்போர்டு அறையில் துப்பாக்கியையும் காகிதங்களையும் சேர்த்து வைப்பதுதான் பலர் செய்யும் பெரிய பிழை. நின்றதும் எஞ்சினை அணையுங்கள், இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். சொல்வதானால் முதலில் அனுமதியைச் சொல்லுங்கள்: "எனக்கு ஏந்தும் அனுமதி உண்டு, என்னிடம் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" பதில் வரும் வரை விரல் அசைய வேண்டாம். மிச்சிகனில் உடனே சொல்லியாக வேண்டும். ஒஹாயோவில் 2022 முதல் கேட்டால்தான்.

இறங்கச் சொன்னால் இறங்குங்கள். 1977 மிம்ஸ் தீர்ப்பின்படி அதற்கு அதிகாரம் உண்டு. காரைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று வாயால் சொல்லுங்கள், உடம்பால் தடுக்காதீர்கள். மறுக்கலாம் என்று அவர்கள் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அபராதச் சீட்டு வேலை முடிந்த பிறகு, புதுச் சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய்க்காகக் காக்கவைக்க முடியாது; 2015 ராட்ரிகஸ் வழக்கில் ஏழெட்டு நிமிடமே அதிகம் என்றானது.

மலைமுகடு:
வழித்துணை சொன்னதில் ஒரு வரிகூட மறுப்பில்லை. ஒன்று சேர்க்கிறேன். மௌனமாக இருக்கலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம் என்று போலீஸ் சொல்லும் மிராண்டா எச்சரிக்கையைப் படிக்காததால் தாங்கள் சொன்னது செல்லாது என்று நம்பிப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அது வேண்டும். சாதாரணப் போக்குவரத்து நிறுத்தம் காவல் ஆகாது. துப்பாக்கிக்கென்றே ஒரு விதிவிலக்கும் உண்டு. குவார்ல்ஸ் வழக்கில் நியூயார்க் சூப்பர்மார்க்கெட்டில் பிடிபட்டவரிடம் உறை காலி. எச்சரிக்கை படிக்காமலே துப்பாக்கி எங்கே என்று கேட்டார்கள், அவரும் காட்டினார். பொதுப் பாதுகாப்புக்காக அது செல்லும் என்று 1984ல் தீர்ப்பு.

நெய்தல்:
அதனால்தான் மௌனத்தையும் வாயால் சொல்ல வேண்டும் என்கிறேன். 2013 சலினாஸ் வழக்கில், கைதாகாமல் தானே நிலையத்துக்குப் போனவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கிடைத்த தோட்டா உறைகள் உங்கள் துப்பாக்கியோடு பொருந்துமா என்றதும் தரையைப் பார்த்தார். அந்த மௌனமே அவருக்கு எதிராகப் போனது. "பதில் சொல்ல விரும்பவில்லை, வழக்கறிஞர் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரிடம் பேசலாமோ என்னவோ என்று இழுத்தால் அது கோரிக்கையே ஆகாது. 1994 டேவிஸ் தீர்ப்பு.

வழித்துணை:
எச்1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்4, மாணவர் விசா ஆகியவற்றில் இருப்போருக்கு: மேலே சொன்ன ஏந்தும் உரிமை பொதுவாக உங்களுக்கு இல்லை. கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதே குற்றம். 2022 முதல் 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் முக்கிய விதிவிலக்கு. விசா நிலை காலாவதியானவர்களுக்கு அதுவும் உதவாது: 2019ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு, அப்படி ஒரு மாணவர் பயிற்சிக் கூடத்தில் சுட்டதில் தொடங்கியது. கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி எச்1பி என்றால், பெட்டகத்தின் எண் மனைவிக்குத் தெரிவதேகூடச் சிக்கலாகலாம். கிரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தக் காரணமாகும்.

மலைமுகடு:
இவர்களிடம் சாலையில் போலீஸ், "வண்டியில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டால், பதில் சொல்ல விரும்பவில்லை என்று நெய்தல் சொன்ன வரியே சரி. பொய் மட்டும் வேண்டாம். பதில் சொல்லாதிருப்பது உரிமை, பொய் சொல்வது பல இடங்களில் தனிக் குற்றம்.