சைக்கிள் பயணத்தைப் பதிவு செய்ய எந்தச் செயலி நம்பகமானது?

காலைமிதி:

அனைவருக்கும் வணக்கம். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஒரு முறைக்கு முப்பது முதல் நாற்பது கிலோமீட்டர் வரை போய்வருவது வழக்கம். இதுவரை தூரத்தைக் குத்துமதிப்பாகவே கணக்கு வைத்திருந்தேன். இனி ஒழுங்காகக் குறித்து வைக்கலாம் என்ற எண்ணத்தில் இரண்டு செயலிகளை ஒரே கைப்பேசியில் நிறுவி, ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்று 38.4 கி.மீ. என்றது, மற்றொன்று 36.9 கி.மீ. என்றது. மறுநாள் நிலைமை இன்னும் மோசம். நான் ஏரிக்கரையைச் சுற்றி வந்திருக்க, வரைபடத்தில் ஒரு செயலி ஏரியின் நடுவே நேர்கோடு இழுத்திருந்தது. நீந்திக் கடந்தவனுக்குக்கூட அவ்வளவு நேரான பாதை அமையாது.

என் தேவைகள் அதிகமில்லை. கைப்பேசி திரை அணைந்த நிலையில் சட்டையின் பின்பையில் இருக்கும். மூன்று மணி நேரம் பேட்டரி தாங்க வேண்டும். தூரமும் நேரமும் நம்பும்படி இருக்க வேண்டும். யாரோடும் போட்டி போடும் ஆசை இல்லை, நான் எங்கே போனேன் என்பது பிறருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான்கு ஆண்டு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கிறேன். நீண்ட காலம் பயன்படுத்தியவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பின்சக்கரம்:

ஏரிக்குள் கோடு போனதற்குச் செயலியைக் குறை சொல்லும் முன் உங்கள் கைப்பேசியின் அமைப்புகளைப் பாருங்கள் நண்பரே. திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலிகளைப் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக நிறுத்திவிடும் வழக்கம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றுக்கு உண்டு. நடுவே பதிவு நின்று, நீங்கள் திரையைத் தொட்டதும் மீண்டும் தொடங்கினால், நின்ற இடத்தையும் மீண்டும் தொடங்கிய இடத்தையும் செயலி நேர்கோட்டால் இணைத்துவிடும். அந்தச் செயலிக்குரிய பேட்டரி அமைப்பில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி சேமிப்பு முறையைப் பயணம் முடியும்வரை அணைத்து வையுங்கள். இதைச் செய்யாமல் பத்துச் செயலிகளை மாற்றினாலும் பத்தும் ஏரிக்குள்தான் இறங்கும். பேட்டரியை அதிகம் குடிப்பது பெரும்பாலும் ஒளிரும் திரைதான் என்பதால், பின்பையில் வைத்து ஓட்டும் உங்களுக்கு மூன்று மணி நேரம் பெரிய சிக்கலாக இருக்காது.

தூரத்தில் வரும் வேறுபாடு தனிக் கதை. இரண்டு செயலிகளும் ஒரே கைப்பேசியில் ஓடியதால், இரண்டுக்கும் கிடைத்தது ஒரே ஜிபிஎஸ் அலைவாங்கி தந்த இடக்குறிப்புகள்தான். ஆகவே அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் பெரும்பாலும் செயலிகளின் கணக்கு முறையிலிருந்து வந்திருக்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை தவறலாம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நீங்கள் ஒரு நொடியில் கடப்பது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும் செயலியில் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமும் பிழையும் கிட்டத்தட்ட ஒரே அளவாகிவிடுவதால், நேரான சாலைகூட நெளிநெளியாகப் பதிவாகித் தூரம் கூடும். பத்து நொடிக்கு ஒரு புள்ளி வைத்தாலோ, இரண்டு புள்ளிகளுக்கு இடையே 55 மீட்டர் இருக்கும். வளைவுகளையெல்லாம் குறுக்கே வெட்டித் தூரம் குறையும். இந்த நெளிவை எவ்வளவு நீவி விடுவது என்பதை ஒவ்வொரு செயலியும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. போதாக்குறைக்கு, சிக்னலில் நிற்கும்போதும் ஜிபிஎஸ் புள்ளி சும்மா இருக்காமல் உங்களைச் சுற்றி அலையும். நீங்கள் நின்றதும் பதிவைத் தானாக நிறுத்திவைக்கும் தானியங்கி இடைநிறுத்தம் ஒன்றில் இயங்கி மற்றொன்றில் இயங்காமல் இருந்தால் தூரமும் சராசரி வேகமும் சேர்ந்தே மாறும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. கிலோமீட்டர் கற்கள் உள்ள, மரங்களும் உயரமான கட்டடங்களும் அதிகமில்லாத சாலையில், ஒரு கல்லில் தொடங்கி, அதற்கு அடுத்து வரும் ஐந்தாவது கல்வரை போய்த் திரும்புங்கள். தொடங்கும் முன் அரை நிமிடம் திறந்த வெளியில் நின்று ஜிபிஎஸ் நிலைகொள்ள விடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

அதற்கு மேலும் துல்லியம் வேண்டுமானால் சக்கர அச்சில் மாட்டும் வேக உணரி நல்லது. ஆனால் எல்லாச் செயலியும் உணரியை ஏற்பதில்லை என்பதால், வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உணரிகள் பயன்படுத்தும் ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லாத் தொடர்பு பல கைப்பேசிகளில் கிடையாது என்பதால் புளூடூத் உள்ள உணரியாகவும் இருக்கட்டும். 700×25 டயருக்குச் சுற்றளவு சுமார் 2105 மில்லிமீட்டர் என்று அட்டவணைகள் சொன்னாலும், நீங்களே அளப்பது மேல். காற்று நிரப்பும் வால்வு தரையைப் பார்த்திருக்கும்போது சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டு, வண்டியில் உட்கார்ந்தபடி சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை உருட்டி, அடுத்த கோட்டைப் போட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் டயர் கொஞ்சம் அமுங்கும். இரண்டு சென்டிமீட்டர் பிசகினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் தவறு.

ஏற்றவிரும்பி:

பின்சக்கரம் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் நான் ஸ்ட்ராவாவைத்தான் பரிந்துரைப்பேன். போட்டி வேண்டாம் என்று நானும் இப்படித்தான் சொன்னேன். ‘செக்மென்ட்’ எனப்படும் சாலைத் துண்டுகளில் பிறருடைய நேரத்தைப் பார்க்காவிட்டாலும், ஒவ்வொரு பயணத்திலும் அதே ஏற்றத்தை நாம் எவ்வளவு நேரத்தில் ஏறினோம் என்பது பதிவாவது பெரிய ஊக்கம். 2020-இல் முழுத் தரவரிசைப் பட்டியலைக் கட்டணத்துக்குள் கொண்டுபோனார்கள். பயணத்தைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. புதிய பாதைகளைத் தேடிப் போகும் எண்ணம் உண்டென்றால் கோமூட் என்ற செயலியையும் பாருங்கள். குரல்வழி வழிகாட்டல் அதில் நன்றாக இருக்கிறது.

மௌனப்பாதை:

நான் எங்கே போனேன் என்பது பிறருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார். அதை இரண்டு பதில்களும் தாண்டிப் போய்விட்டன. ஸ்ட்ராவா 2017 நவம்பரில் பயனர்கள் பொதுவில் வைத்த தடங்களை ஒன்றுதிரட்டி, அதிகம் பேர் போன வழிகள் பளிச்சென்று ஒளிரும் வெப்ப வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் யாருடைய பெயரும் இல்லை. ஆனாலும் ஆளரவமற்ற பகுதிகளில் இராணுவ வீரர்கள் ஓடிய பாதைகள் ஒளிர்ந்து, முகாம்களின் வடிவத்தையே காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் பெரும் செய்தியானது. நமக்கு முகாம் இல்லை, வீடு இருக்கிறது. எல்லாத் தடங்களும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிகின்றன. நான் முன்பு வைத்திருந்த ஒரு செயலியில் பதிவுகள் எல்லாருக்கும் தெரியும்படி முன்னமைவு இருந்ததை நான் கவனிக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவர், ‘நீல வாசற்கதவு வீடுதானே உங்களுடையது, தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்’ என்று நட்பாகவே எழுதியிருந்தார். அன்று இரவே எல்லாவற்றையும் அழித்தேன்.

ஸ்ட்ராவாவைத் தேர்ந்தெடுத்தால், முதல் பயணத்துக்கு முன்பே பதிவுகளை ‘உங்களுக்கு மட்டும்’ என்று மாற்றி, தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள். என் தேர்வு ஓப்பன்டிராக்ஸ். ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற மென்பொருள் அது. கூகுள் 2016-இல் கைவிட்ட மை டிராக்ஸ் செயலியின் வழிவந்தது. இணைய அனுமதியையே கேட்பதில்லை என்பதால் உங்கள் தடம் கைப்பேசியைத் தாண்டித் தானாகப் போகாது. குறைகளும் உண்டு: உள்ளேயே வரைபடம் கிடையாது, தடத்தைப் பார்க்க ஆஸ்ம்ஆண்ட் போன்ற வேறொரு செயலி வேண்டும், கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் பதிவுகளும் அதோடு போகும். ஆகவே வாரம் ஒருமுறை, பல செயலிகளும் படிக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் என்ற தடக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து கணினியில் வைத்துவிடுவேன்.

எந்தச் செயலியானாலும் முதல் நாளிலேயே ஒரு பயணத்தை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பு வேறொரு செயலியில் திறக்கிறதா என்று பாருங்கள். எண்டோமோண்டோ என்ற பயணப்பதிவுச் செயலி 2020 டிசம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டபோது, பல ஆண்டுப் பதிவுகளைக் கோப்புகளாக எடுத்து வைத்தவர்களுக்குச் செயலி மட்டுமே போயிற்று, பயணங்கள் கையில் நின்றன.

காலைமிதி:

மூவருக்கும் நன்றி. பேட்டரி அமைப்பை மாற்றிய பிறகு மூன்று பயணங்கள் போய்விட்டேன்; ஒரு முறைகூடக் கோடு தண்ணீருக்குள் இறங்கவில்லை. கிலோமீட்டர் கற்களையும் சோதித்தேன்: 10 கி.மீ. சாலைக்குப் பழைய செயலிகளில் ஒன்று 10.3 என்றும் மற்றது 9.9 என்றும் காட்டின, ஓப்பன்டிராக்ஸ் 10.1 காட்டியது. அதையே வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. நேற்றைய கோப்பை ஒரு வரைபடத் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். தட்டையான சாலைதான், ஆனால் மொத்த ஏற்றம் 140 மீட்டர் என்கிறது. எங்கிருந்து வந்தது இந்த மலை?

பின்சக்கரம்:

ஜிபிஎஸ் கிடைமட்டத்தில் தவறுவதைவிட உயரத்தில் அதிகம் தவறும். ஒவ்வொரு சின்ன நடுக்கத்தையும் ஏற்றம் என்று கூட்டிக்கொண்டே போனால் தட்டைச் சாலையிலும் குன்று முளைக்கும். காற்றழுத்தத்தைக் கொண்டு உயர மாற்றத்தைக் கணிக்கும் உணரி உள்ள கைப்பேசிகளில் இது குறைவு. சில தளங்கள் ஜிபிஎஸ் உயரத்தை ஒதுக்கிவிட்டு நிலப்பரப்பு உயரத் தரவைப் பயன்படுத்தும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தரவுக்குப் பாலம் தெரியாமல் போகலாம். நீங்கள் ஆற்றுப்பாலத்தில் சமமாகப் போயிருப்பீர்கள், கணக்கோ உங்களை ஆற்றுப் படுகைவரை இறக்கி மறுபக்கம் ஏற்றிவிடும்.

காலைமிதி:

உயர வரைகோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போகும்போது மூன்று பாலம், வரும்போது அதே மூன்று பாலம். கோட்டில் சரியாக ஆறு பள்ளங்கள்.